குடிபூரலுக்கு வந்த வாத்துகள்

யோகேஸ்வரனின் கார் டிக்கியைத் திறந்த சச்சிதானந்தன் அப்படியே நின்றுவிட்டார்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு யோகேஸ்வரன் கொண்டுவந்த சாமிப் படத்தை எடுக்கத்தான் திறந்தார். படத்துக்குப் பக்கத்தில் தோலுறைக்குள் நீளமாக ஒரு துவக்கு படுத்திருந்தது. அதன் காலடியில் சேறு காயாத ஒரு சோடிச் சப்பாத்து. சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சாம்பல் இறகு.

"ஐசே, என்ன இது?"

"துவக்கு, அண்ணை."

"அது எனக்கும் தெரியுது. எதுக்கு?"

"வாத்துச் சுட. சீசன் இன்னும் முடியேல்லை. பயப்பிடாதேங்கோ, லைசென்ஸ் இருக்கு. நேற்றுப் போனது. காலமை முழுகிப்போட்டுத்தான் வந்தனான்."

சச்சிதானந்தன் டிக்கியை அறைந்து மூடினார். படம் உள்ளேயே இருந்துவிட்டது.

விடிந்ததிலிருந்தே அவர் ஒரு நிலையில் இல்லை. வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். யோகேஸ்வரன் வர வேண்டும், மண் லொறியும் வர வேண்டும். மெல்பேர்னின் கேரம் பக்கத்தில் புதிதாகக் கிளம்பிய தெருவில் அவர் வாங்கிய வீட்டுக்கு இருந்தது ஒரேயொரு குறை. பின்வளவில் ஒரு பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் வாரக்கணக்கில் வற்றாது. உடுப்புக் காயப்போடவும் வழியில்லை.

வந்தது யோகேஸ்வரன்தான். வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு மாஸ்டர். அந்த ஊரில் அப்போது கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. பண் பிசகாமல் தேவாரம் பாட அவரை விட்டால் ஆளும் இல்லை. தேவாரம் இல்லாமல் பால் காய்ச்ச மாட்டேன் என்று மனைவி நாகேஸ்வரி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"நேரம் போகுது," குசினிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "பாலை வைக்கட்டே?"

"பொறும்!"

சச்சிதானந்தன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"சிவசிவா எண்டு பாடுற வாயும் உயிரைச் சுடுற கையும் ஒரே ஆளிலயோ, ஐசே?"

"வேற ஆளிட்டக் கை கடன் வாங்கேலாதே, அண்ணை."

"பகிடி விடாதையும். எங்கட குடும்பத்தில முட்டைகூட உடைக்கிறேல்லை. உம்மை எப்பிடி இந்த வீட்டுக்குள்ள விடுறது? அந்த லைசென்சைக் கிழியும். இனித் தொடமாட்டன் எண்டு சொல்லும். பிறகு உள்ள வாரும்."

யோகேஸ்வரன் காற்சட்டைப் பையில் கையை விட்டார். ஆனால் எதையும் வெளியே எடுக்கவில்லை.

"கிழிக்கலாம். அதுக்குக் கட்டுற காசு எங்க போகுது தெரியுமே?"

"எங்க போனா எனக்கென்ன?"

"சதுப்பு வாங்கப் போகுது. தண்ணியை வடிச்சு மாடு விடுவம் எண்டு நிக்கிற நிலங்களைக் கவர்மென்ட் அந்தக் காசில வாங்கி, தண்ணியைத் தேக்கி, பறவையளுக்கு விடுது. என்ர பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவும் ஒண்டு இருக்கு. கண்ணுக்கெட்டின மட்டும் கோரை. நான் ஒண்டு ரெண்டு சுடுவன். அங்க பொரிக்கிறதை ஆராலும் எண்ணேலாது."

"கொலைக்கும் கணக்கோ? கணக்கு மாஸ்டரெல்லே!"

"பாவந்தான், அண்ணை. நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

சச்சிதானந்தன் திரும்பிக்கொண்டார். அவர் தெருவைப் பார்த்தார். லொறியைக் காணோம்.

"இஞ்ச ஓடி வாங்கோவன்!"

நாகேஸ்வரி பின்கதவில் நின்றாள். இருவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

பள்ளத்துத் தண்ணீரில் ஒரு சோடி வாத்து. தலையை முக்கி முக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தன. நாகேஸ்வரி கை கூப்பினாள்.

"நல்ல நாளில எங்களைத் தேடி வந்திருக்குதுகள்."

சச்சிதானந்தனின் முகம் இளகிவிட்டது.

"பாத்தீரோ ஐசே? இது சைவக்காரன் வீடெண்டு அதுகளுக்கே விளங்குது."

யோகேஸ்வரன் வாத்துகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைத் தேடி வரேல்லை, அண்ணை. தங்கட இடத்தைத் தேடி வந்திருக்குதுகள். இந்தத் தெரு போன வருசம் வரைக்கும் சதுப்பு. இதை ஆரும் அதுகளுக்கெண்டு வாங்கி விடேல்லை. வீடு கட்ட வித்துப்போட்டாங்கள்."

"அக்கா கூப்பிடுறா, நேரம் போகுது," என்றார் சச்சிதானந்தன் அவசரமாக. நாகேஸ்வரி கூப்பிடவே இல்லை. "சரி, வாரும். வந்து பாடும். லைசென்சைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

துவக்குக்குப் பக்கத்தில் படுத்திருந்த சாமிப் படமும் வீட்டுக்குள் வந்தது. யோகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வெறும் வீட்டில் அந்தக் குரல் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பியது. பால் பொங்கி வழிந்தது. சச்சிதானந்தனின் கண்ணும் கலங்கியது. எல்லா உயிரும் நல்லாயிருக்க வேணும் என்று சத்தமாகவே சொல்லி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார்.

நாகேஸ்வரி ஒரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள்.

வாசலில் ஹோர்ன் கேட்டது.

காலையிலிருந்து அப்போதுதான் சச்சிதானந்தன் சிரித்தார். ஓடிப்போய் லொறிக்காரனுக்குக் கை காட்டி, வீட்டோரமாகப் பின்வளவுக்கு வழி விட்டார்.

லொறிக்காரன் தலையை வெளியே நீட்டி, மண்ணை எங்கே கொட்டுவது என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சச்சிதானந்தன் திருநீற்றுக் கையை நீட்டினார்.

"அந்தா, அந்த வாத்துகள் நிக்குதே, அதிலதான்."