சேரக் கூடாத இரண்டு

“இதுங்க ரெண்டும் எங்கயும் சேரக் கூடாது. ஒரே தெருவுல கூடப் போகக் கூடாது.”

நெட்வொர்க் மேடம் சொன்ன தோரணையைப் பார்த்து, தேநீர் கொண்டுவந்த ஊழியர் யார் வீட்டுக் காதல் விவகாரமோ என்று கதவருகிலேயே நின்றுவிட்டார். எதிரே இருந்த இரண்டு நிறுவனத்து ஆட்களும் தலையாட்டினார்கள். பேச்சு இரண்டு கேபிள்களைப் பற்றியது.

மேடம் வேலை பார்க்கும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்புகள். ஒன்று அறுந்தால் மற்றது கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் போன வருடம் இரண்டும் ஒரே குழாய்க்குள் கிடந்து, ஒரே பொக்லைனுக்குப் பலியாயின.

நாற்பது நிமிடம் மையம் ஊமையாகிவிட்டது. ஒருவர் பதினேழு தடவை கூப்பிட்டு அலுத்து, நிறைமாத மனைவியை டாக்ஸியில் ஏற்ற, குழந்தை பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். மேடத்துக்குத்தான் அந்தப் பதினேழு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் இந்த முறை நிறுவனங்கள் நீட்டிய வரைபடத்தை அவள் நம்பவில்லை. இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு, சாலையில் இருந்த ஒவ்வொரு மூடியையும் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றினாள். தாலி கட்டிய தன்னோடு கூட அவள் இவ்வளவு தூரம் நடந்ததில்லை என்று கணவருக்கு மனத்தாங்கல். இதெல்லாம் தேவையா என்று மேலாளரும் முணுமுணுத்தார்.

ஒரு மாதம் மல்லுக்கட்டிய பிறகு வேலை முடிந்தது. முதல் நிறுவனத்தின் கேபிள் தண்டவாளத்தை ஒட்டிப் போனது. இரண்டாவது, கால்வாய்க் கரையோரமாக.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சோதனை தானாகவே வந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் தண்டவாளத்தோரக் கேபிளை அறுத்துவிட்டார்கள். திரையில் ஒரு விளக்கு சிவந்தது. அழைப்புகளோ எதுவும் நடக்காததுபோல் வந்துகொண்டே இருந்தன. படியில் விழுந்த ஒரு பெரியவருக்காகப் பேசிக்கொண்டிருந்த மகளுக்கு, நடுவில் வழி மாறியதே தெரியாது.

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கைகுலுக்கினார். “நீ நடந்தது வீண் போகலம்மா.”

அறுந்ததைத் தோண்டி எடுத்து ஒட்ட நாளை மாலை ஆகும் என்று முதல் நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்திலேயே சிவப்பு விளக்கு பச்சையானது. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களைக் கொஞ்சம் அதிகமாகவே விரட்டிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

நன்றி சொல்ல அவளே அந்த நிறுவனத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவ்வளவு பள்ளத்தையும் அதற்குள் எப்படித் தோண்டி முடித்தீர்கள் என்று மெச்சிக்கொண்டே கேட்டாள்.

“தோண்டவே இல்ல மேடம். கால்வாய் ஓரமா அந்த இன்னொரு கம்பெனி கேபிள் போகுதுல்ல, அதுலயே உங்களையும் சேத்து விட்டுட்டோம்.”