நாலாவது வரி

"மூணு, எட்டு, பூஜ்யம், ரெண்டு... அப்புறம்... ஆறு!"

"ஆறு இல்லைங்க, அஞ்சு. மறுபடியும் நாலாவது வரியிலேர்ந்து வாங்க," என்றாள் மனைவி, கையிலிருந்த பழைய கடித உறையைப் பார்த்தபடி.

பள்ளி வேன் ஓட்டுநர் சமையலறை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை. இடது கண்ணைக் குழிக்கரண்டியால் மூடியிருந்தார். எந்த நிலையில் இருந்து படித்தோமோ அதே நிலையில் இருந்தால் ஞாபகம் சுலபமாகத் திரும்பி வரும் என்று மனைவி படிக்கப் போகும் ஞாபகப் பயிற்சி மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால்தான் கரண்டி.

பள்ளி திறப்பதற்குள் அவர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கண் மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். ஆனால் விடுமுறை தொடங்கியதிலிருந்து எதிரே இருப்பதெல்லாம் நீராவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கலாகத்தான் தெரிந்தது. "டாக்டரா? அந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன். கத்தியைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க," என்று ஒரு வாரமாக அடம்பிடித்தார். மனைவி தன் கண்ணாடிக்காக அங்கே போனபோது, சுவரிலிருந்த எண் பலகையை அப்படியே உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம் என்றதும்தான் மனிதர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

அவளுடைய பொடி எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. அவள் படித்துச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார்.

"சும்மா உருப்போட்டா நிக்காதுங்க. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஆளையோ சம்பவத்தையோ ஒட்டிவைக்கணும். மூணு?"

"எங்க அக்கா பசங்க."

"எட்டு?"

"கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையக் காணோம்னு உங்கப்பா எட்டு தடவ வாசலுக்கு ஓடினாரு."

"பூஜ்யம்?"

"அது... நான் பாத்திரம் கழுவின நாள்."

"அது மட்டும் மறக்கவே மாட்டேங்குது பாருங்க. ரெண்டு?"

"நம்ம பொண்ணுங்க."

"அஞ்சு?"

அவர் முழித்தார்.

"லைசென்ஸ் டெஸ்ட்ல எத்தனை தடவ கோட்டை விட்டீங்க?"

"நாலு!"

"நாலுங்கறது ஊருக்குச் சொல்ற கணக்கு. எனக்குத் தெரியும், அஞ்சு."

அவர் கரண்டியை இறக்கிவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, எண்ணெல்லாம் நம்ம வீட்டுக்குன்னே எழுதி வச்ச மாதிரி இல்ல?"

"எந்த எண்ணைக் கொடுத்தாலும் கதை கட்டிக்கலாம்னு வகுப்புல சொன்னாங்க. கரண்டிய எடுங்க. அஞ்சாவது வரி."

"அதுல ஏழு எண் இருக்கே, தாயே!"

"ஏழையும் ஏன் தனித்தனியாச் சுமக்கறீங்க? முதல் நாலு, பெரியவ பிறந்த வருஷம். மீதி மூணு, உங்க வேன் நம்பர்ல கடைசி மூணு எண். ரெண்டே மூட்டை."

அவர் சொன்னார். இரண்டாவது மூட்டை பாதி வழியில் அவிழ்ந்தது. கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டார்.

"இது சரிப்படாது. அங்க போய்த் தடுமாறினேன்னா வேனைப் பிடுங்கிடுவாங்க. இருபத்திரண்டு பிள்ளைங்களும் வேற ஒருத்தன் வண்டியில ஏறிப் போறத நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவள் கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அப்படி நடக்க நான் விட மாட்டேன். சொல்லுங்க, நாலாவது வரி."

ஏழாவது நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே இரண்டு வரிகளையும் பிசகாமல் சொன்னார். "கிளம்பு, போகலாம்," என்று அவரே முதலில் செருப்பை மாட்டினார்.

மருத்துவர் இளம்பெண். பலகையின் விளக்கைப் போட்டு, "ஒரு கண்ண மூடிக்கிட்டு மேலேயிருந்து படிங்க சார்," என்றாள்.

முதல் மூன்று வரிகளிலும் எண்கள் பெரியவை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தே படித்துவிட்டார். நாலாவது வரி வெறும் சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தது. அக்கா பசங்களை நினைத்தார், மாமனார் வாசலுக்கு ஓடினார், எண்கள் தாமாக வந்தன. ஐந்தாவது வரியையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த கண்ணு. அதே ரெண்டு வரியும்," என்றாள் மருத்துவர்.

ஓர் எண் மாறாமல் மறுபடியும் சொன்னார்.

மருத்துவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க ஞாபக சக்திக்கு நூத்துக்கு நூறு சார். ஆனா நாலாவது வரியில நீங்க சொன்னதுல ஒரு எண்கூட இல்ல. அஞ்சாவது வரியில ஏழு எண் சொன்னீங்க, அங்க இருக்கறதே ஆறுதான்."

அவர் முகம் வெளிறிப்போனது. மருத்துவர் சிறு விளக்கால் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புரை. பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு கண்ணுக்குக் கால் மணி நேர வேலை. ஸ்கூல் திறக்க எத்தனை நாள் இருக்கு?"

"அஞ்சு வாரம்," மனைவி முந்திக்கொண்டாள்.

"தாராளம். அதுக்குள்ள ரெண்டு கண்ணையும் முடிச்சுடலாம். அப்புறம் கடைசி வரிவரைக்கும் பாத்தே படிச்சுட்டு சான்றிதழ வாங்கிட்டுப் போங்க."

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக்கொண்டு வெளியே வந்ததும் அவர் வெடித்தார். "ஒரு வாரமாக் கரண்டியும் கையுமா உட்கார வச்சியே! ஒரு பலகையப் பாத்து ஒழுங்கா எழுதிட்டு வரத் தெரியாதா உனக்கு?"

"எழுதினதுல ஒரு தப்பும் இல்லைங்க," என்றாள் அவள், அவர் கையைப் பிடித்துப் படி இறக்கியபடி. "நாலாவது வரியிலேர்ந்து உங்களுக்குப் படிச்சுச் சொன்னதுதான் பூராவும் பொய்."