தெருமுனை வரைக்கும்

"என்னப்பா, இன்னிக்கும் தள்ளுதானா?"

எதிர்வீட்டு கேட்டில் சாய்ந்தபடி ஸ்டுடியோக்காரர் குரல் கொடுத்தார்.

பிக்கப்காரருக்குப் பதில் சொல்வதற்கு மூச்சு மிச்சம் இருந்தால்தானே! இரண்டு கையையும் வண்டியின் பின்பக்கம் ஊன்றி, முக்கி முக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் அவர் மனைவி. தூக்கக் கலக்கத்தோடு, "மெதுவாங்க, மெதுவா" என்று இவருக்கே பிரேக் போட்டுக்கொண்டு வந்தாள்.

தெருமுனை வந்தது. அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அவர் ஏறி சாவியைத் திருகினார். "டட டட டட" என்று அதட்டிக்கொண்டு வண்டி போய்விட்டது.

ஒரு மாதமாக இதே கூத்துதான்.

ஸ்டுடியோக்காரருக்கு இது காலை நேரத்து இலவச சினிமா. மனிதர் மாடி அறையில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறவர். கீழே கைக்குழந்தை அழுதால் என்ன, வீடே இடிந்தால் என்ன? விடிந்ததும் ஜம்மென்று கேட்டுக்கு வந்து நிற்பார்.

அன்று சாயங்காலம் பிக்கப்காரரை வழிமறித்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, டீசல் வண்டி வாங்காதேன்னு! என் பெட்ரோல் காரைப் பாரு. சாவியைத் திருகினா பூனை மாதிரி கிளம்பும்."

"பூனை மேல மூட்டை ஏத்த முடியாதே, அண்ணா" என்று சிரித்தார் பிக்கப்காரர். "டீசல்தான் லோடு இழுக்கும். எவ்வளவு ஏத்தினாலும் மேட்டுல திணறாது. மைலேஜும் கொடுக்கும்."

"புகை?"

"கொஞ்சம் வரும்."

"சர்வீஸ் செலவு?"

"அது பழுத்துடும்தான்."

"சத்தம்? ஊரையே எழுப்புது!"

"அதை மட்டும் மறுக்கவே மாட்டேன், அண்ணா."

"இதெல்லாம் போதாதுன்னு தினமும் தள்ளு வேற! ஏம்ப்பா இந்தத் தலையெழுத்து?"

"உடம்புக்கு நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு நழுவினார் அவர்.

இவ்வளவு நாள் யார் யாருடைய வண்டியையோ ஓட்டியவர். சொந்தமாக வாங்கிய முதல் வண்டி இது. நிரந்தர வேலைதான் இன்னும் அமையவில்லை. பேக்கரி முதலாளி, தினமும் கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போட ஒரு வண்டி தேடுவதாகக் கேள்விப்பட்டு அவரைப் போய்ப் பார்த்திருந்தார். அது கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு மறுபடி அடுத்தவர் வண்டிதான். வீட்டில் இரண்டு பேருக்கும் அதே கவலை.

அந்த பேக்கரியில் ஸ்டுடியோக்காரர் ரொட்டி வாங்கும்போது முதலாளி பேச்சுவாக்கில் கேட்டார். "உங்க எதிர்வீட்டு பிக்கப் எப்படி சார்? நம்பி வேலை கொடுக்கலாமா?"

"ஆள் தங்கம் சார். வண்டிதான் தகரம். தள்ளாம நகராது. சந்தேகமா இருந்தா விடியக்காலையில வந்து நீங்களே பாருங்க!"

மறுநாள் முதலாளி வந்தே விட்டார். வந்த நேரம், வண்டியைத் தள்ளத் தொடங்கிய நேரம்.

"இதைத் தள்ளிக்கிட்டேவா என் ரொட்டியைக் கொண்டுபோவீங்க?"

பிக்கப்காரர் தள்ளுவதை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஐயோ, வண்டி நல்ல வண்டி சார்! தெருமுனைக்கு வாங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்."

"அதென்ன தெருமுனை?" ஸ்டுடியோக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "சரியான வண்டின்னா இங்கேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க சார்!"

"நியாயம்தானே? பண்ணுங்க" என்றார் முதலாளி.

பிக்கப்காரர் கையைப் பிசைந்தார். ஸ்டியரிங்கில் இருந்த மனைவி வண்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "விஷயத்தைச் சொல்லித்தான் தொலைங்களேன்" என்று பல்லைக் கடித்தாள்.

"சும்மா இரு. பாவம், சங்கடப்படுவாங்க" என்று முணுமுணுத்தார் அவர்.

"சொன்னேனா இல்லையா?" என்று ஸ்டுடியோக்காரர் சிரித்தார்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "மன்னிச்சுக்கோங்க. நான் வேற வண்டி பார்த்துக்கறேன்." திரும்பி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. வருவது வரட்டும் என்று சாவியைத் திருகினாள்.

ஒரே திருகுதான். "டட டட டட!" தெருவே அதிர்ந்தது. படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

முதலாளி அசந்துபோய்த் திரும்பி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடடா, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கே! நாளைக்கே வந்துடுங்க, வேலை உங்களுக்குத்தான். ஆமா, இவ்வளவு நல்ல வண்டியை எதுக்குய்யா தள்ளுறீங்க?"

"அதானே! எதுக்கு?" என்றார் ஸ்டுடியோக்காரர், நிஜமாகவே குழம்பிப்போய்.

எதிர்வீட்டுக்குள் குழந்தை வீலென்று அலறியது.

கதவைத் திறந்துகொண்டு ஸ்டுடியோக்காரர் மனைவி ஓடிவந்தாள். தோளில் குழந்தை, கலைந்த தலை, தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். நேரே வண்டியிடம்தான் வந்தாள்.

"என்னக்கா இது! ராத்திரி பூரா அழுதுட்டு இப்பதான் கண்ணை மூடினான். இவன் முழிச்சுக்கக் கூடாதுன்னு நீங்களும் அண்ணனும் தினமும் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவீங்களே! இன்னிக்கு வாசல்லயே ஸ்டார்ட் பண்ணச் சொன்ன அந்தப் புத்திசாலி யாருக்கா?"