சனிக்கிழமைக்கு ஒரு காசு

"பதினெட்டு வாரம் ஆச்சுக்கா. இதுக்குள்ள அந்த ஆள் புதுசா காசே அடிச்சிருக்கலாம்."

தம்பி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டும் தாமாகத் திறந்துகொண்டன. அக்கா அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கல்யாணத்துக்கென்று அப்பா விட்டுப்போனவை இருபத்திரண்டு பழைய வெள்ளிக்காசுகள். காசு இருந்தது, கல்யாணம்தான் நடக்கவில்லை. ஒருவனுக்கு உயரம் போதாது, இன்னொருவனுக்குச் சம்பளம் போதாது என்று வந்த வரன்களையெல்லாம் தம்பி தட்டிக் கழித்தான். அக்கா போய்விட்டால் அந்த வீட்டில் சமைப்பது யார், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது யார்? பார்த்துக்கொண்டே இருக்கையில் அவளுக்கு நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. இனி அந்தக் காசு ஒரு சோபாவுக்காவது ஆகட்டும் என்று தம்பி மனைவிக்குத் தோன்றியது.

எடைக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. அக்கா அபூர்வமாக வாயைத் திறந்தாள். பழங்காசுக்கு எடையைவிட மதிப்பு கூடுமாம், விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு விற்கலாம் என்றாள். கடைவீதி மாடியில் பழைய நாணயங்களுக்கு விலை மதிப்பவர் ஒருவர் இருந்தார். ஒண்டிக்கட்டை.

முதல் சனிக்கிழமை மொத்தப் பையோடு போய்வந்த அக்கா, அச்சு, விளிம்பு, தேய்மானம் எல்லாம் பார்க்க வேண்டுமாம், ஒரு காசுக்கு ஒரு வாரமாம் என்றாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரே ஒரு காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்புவாள். அவள் வாசல் தாண்டுவதே அன்று ஒரு நாள்தான். என்ன சொன்னார் என்று கேட்டால், மீதியையும் பார்த்துத்தான் சொல்வாராம் என்பாள்.

பதினெட்டாவது வாரம் தம்பிக்குப் பொறுக்கவில்லை. காசுகளை ஒரே பையில் கொட்டி, அக்காவையும் இழுத்துக்கொண்டு அந்த மாடிக்கே ஏறிவிட்டான்.

நாணயக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அக்காவை ஒருமுறை பார்த்தார். எல்லாம் ஒரே ஆண்டு, ஒரே அச்சு, எங்கும் கிடைப்பவை, வெள்ளியின் எடைக்கு மேல் ஒன்றும் பெறாது என்றார்.

"இதைச் சொல்லப் பதினெட்டு வாரமா? ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா சார்?"

"தப்பு என்னோடதுதான்" என்று அவர் தலைகுனிந்தார்.

தம்பி குதித்த குதியில் மேசைத் தராசு ஆடியது. போலீசுக்குப் போவேன் என்றான், கடையை இழுத்து மூடவைப்பேன் என்றான்.

"அவரை விடுடா" என்றாள் அக்கா. "முதல் நாளே, பத்து நிமிஷத்துல, எடைக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டார். அப்புறமும் வாரத்துக்கு ஒண்ணா எடுத்துட்டு வந்தது நான்தான்."

அடுத்த மாதமே பதிவுத் திருமணம் முடிந்து அக்கா அந்த மாடிக்குக் குடிபோனாள். விஷயம் முன்கூட்டியே தெரியாமல் போனதில்தான் தெருவுக்கு இன்னும் வருத்தம்.