பூவரசமரத்தில் கட்டிய கயிறு

இந்தக் காலி மனையில் உள்ள உயிர்களைக் கணக்கெடுக்கப் போன வாரம் ஒரு பெண் வந்தாள். இங்கே வரப்போவது பசுமைக் கட்டடமாம். அதற்குச் சான்றிதழ் வாங்க இந்தக் கணக்கு வேண்டுமாம். ஓணான், கீரி, கரையான் என்று எதையும் விடவில்லை. பூவரசமரத்தில் எண் போட்ட ஒரு தகரத்தை அடித்தாள். எங்கள் குடிசையின் தார்ப்பாய்க் கயிறு அந்த மரத்தில்தான் கட்டியிருந்தது. உள்ளே என் பெண்சாதி கன்னிம்மா காய்ச்சலில் கிடந்தாள்.

"எங்களுக்கு நம்பர் கிடையாதாம்மா?"

"நீங்க இதுல வர மாட்டீங்க தாத்தா."

"ஏன், எங்களுக்கு உசுரு இல்லையா?"

"மரத்த வெட்ட மாட்டாங்க, பயப்படாதீங்க" என்று சிரித்தாள். சிரித்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. இன்று மரத்தைச் சுற்றித் தோண்டி, வேருக்கு ஈரச்சாக்கு சுற்றி, கிரேனை மாட்டினார்கள். ஏரிக்கரையில் அதற்கு இடம் பார்த்திருக்கிறார்களாம். தூக்குவதற்கு முன் ஒருவன் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தான்.

"கெட்டியா புடிச்சுக்க பெருசு. வுட்டா கூரை வுழுந்துரும்."

மரம் லாரியில் படுத்துக்கொண்டு போய்விட்டது. சுற்றிலும் பொலபொலவென்று கிளறிய மண். முளை அடித்தால் நிற்காது. குழியோரம் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நிற்கிறேன்.

"யோவ், கொஞ்சம் தண்ணி குடுய்யா" என்கிறாள் உள்ளே இன்னும் காய்ச்சலில் கிடக்கும் கன்னிம்மா.

"இரு, வரேன்" என்கிறேன், மறுபடியும்.