புதன்கிழமைக் கசிவு

"நாலு வாரத்துல நாலு தடவை கேஸ் நிரப்பியாச்சு. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துறதுதான் உங்க தொழிலா?"

அப்பாவோடு கார் ஏசி பட்டறைக்கு வந்திருந்த மகள் கேட்டாள். மெக்கானிக் சிவப்பும் நீலமுமான இரட்டை அழுத்தமானியைக் காரின் குழாய்களில் பொருத்தினார்.

"காசு வாங்கலைன்னா மட்டும் ஆச்சா? புதன்கிழமை ஆனா அப்பா இங்க வந்து காத்துக் கிடக்குறாரு."

அப்பா பட்டறையின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். வேறு யாரும் அங்கே அமர்வதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய், மாலையில் வந்து வண்டியை எடுப்பதே மற்றவர்களின் வழக்கம்.

எஞ்சின் ஓடியது. இரண்டு முட்களும் கீழேயே கிடந்தன.

"ரெண்டுமே கம்மி. கேஸ் போயிருக்கும்மா."

"அது காருக்குள்ள உக்காந்தாலே தெரியுது. எங்க போகுதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா இன்னிக்கே வேற பட்டறை பாத்துக்கிறேன். அப்புறம் அப்பா இந்தப் பக்கமே வர மாட்டாரு."

மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவினார். எங்கும் குமிழி எழவில்லை.

"மாட்டின கேஜைக் கழட்டிட்டு, கேஸ் நிரப்புற வாயிலயும் தடவுங்க," என்றாள் மகள்.

மெக்கானிக் தயங்கித் தடவினார். நுரை மெல்லப் பொங்கியது. உள்ளே வால்வு ஊசி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

"இது தானா கழலாதே. யாரோ தளர்த்தியிருக்காங்க," என்றாள் மகள்.

மெக்கானிக் குனிந்து நுரையைத் துடைக்கத் தொடங்கினார்.

"நான்தாம்மா," என்றார் அப்பா. "நீ வேலைக்குப் போனா வீட்ல நான் சுவத்தோடதான் பேசணும். இங்க வந்தா தம்பி நாலு வார்த்தை பேசுவாரு."

மகள் அவர் பக்கத்தில் வந்தாள்.

"சொல்லியிருக்கலாமேப்பா."

மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தாள்.

அவள் தெருமுனையைக் கடக்கும்வரை மெக்கானிக் காத்திருந்தார்.

"ஐயா, அந்த ஊசியைத் திருகுற கருவி எப்படியிருக்கும்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு என் பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"நிரப்பி முடிச்சதும் ஒவ்வொரு தடவையும் நீங்க அதைத் தளர்த்துறதைப் பாத்துக்கிட்டுதானே இருந்தேன், தம்பி. இன்னிக்கு இறுக்கிடுங்க. கேஸ் இருந்தாலும் புதன்கிழமை வருவேன்."