சிவப்புத் துணி கட்டிய முட்டி

வந்திருப்பவர்கள் நான்கு பேர்: யோகமலர் அக்கா, அவருடைய பிள்ளைகள் ஆரபி, மிதுலன், கார் ஓட்டி வந்த நான். ஜூலை மாதப் பிற்பகல். லண்டன் கிரீனிச்சில் தேம்ஸ் ஆறு வற்றிக் கிடக்கிறது. கடல் வற்றும்போது இந்த ஆறும் வற்றும். பிள்ளைகளுக்கு இதுதான் கடற்கரை. கல்லைப் புரட்டினால் நண்டு ஓடுகிறது. "பிடியடா, அது உன்னை விடப் பயந்தது," என்று ஆரபி தம்பியைச் சீண்டுகிறாள். பிறகு சேற்றுக்குள் கைவிட்டு கலயம்போல ஒரு சின்ன மண்முட்டியை இழுத்தெடுக்கிறாள். அதன் வாயில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அவிழ்த்து விளையாட்டு வாளிக்குள் கொட்டுகிறாள். "அம்மா, வெள்ளை மணல்!"

மணல் இல்லை. அரைபட்ட எலும்பு. யாரோ தங்கள் ஆளின் அஸ்தியைக் கரைக்காமல் முட்டியோடு எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கத்துகிறேன்: "தொடாதை பிள்ளை, கையைக் கழுவு!" அக்கா கத்தவில்லை. வாளிக்கருகே குந்துகிறார். இரண்டு மாதத்துக்கு முன்தான், மே மாதம், போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அவருடைய தம்பி செத்துப்போனான். உடல் கிடைக்கவில்லை, கரைக்க ஒரு பிடி சாம்பலும் இல்லை. இப்போது வாளியில் உள்ளதை உள்ளங்கையால் அள்ளி முட்டிக்குள் போடுகிறார். மகளுடைய விரல்களில் ஒட்டியிருப்பதையும் வழித்துப் போடுகிறார். துணியை இறுக்கிக் கட்டுகிறார்.

"அக்கா, ஆத்துக்குள்ள விடுங்கோ. அது வேற ஆரின்ரையோ சாம்பல்."

"ஓம், தெரியும்."

முட்டியை மார்போடு அணைத்தபடி படியேறிப் போய்க் காருக்குள் இருக்கிறார். கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டிக்கொள்கிறார்.